டாக்டரிடம் கேளுங்கள்: நலமான இளைஞர்களும் வீரிய மாத்திரைகளும்

பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறை முடிந்த சில வாரங்களில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் தன்மை மாறிவிடுவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இம்முறை வந்தவற்றில் பல ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்ததால், முழங்கால் வலி, முடி உதிர்தல் ஆகியவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த இதழை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 26 வயது. அப்பாவின் துணிக்கடையைக் கவனித்துக்கொள்கிறேன். சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. சென்ற ஆண்டு திஞ்சான் சமயத்தில் நண்பன் ஒருவன், “ஒரு தடவை போட்டுப் பார், அப்புறம் நீயே கேட்பாய்” என்று வயாகரா மாத்திரை ஒன்றைக் கொடுத்தான். அதற்கு முன் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. அன்றிலிருந்து அது இல்லாமல் இருந்ததில்லை. இடையில் ஒருநாள் போடாமல் முயன்றபோது முடியவில்லை. இப்போது 50 மில்லிகிராம் போதாது என்று தோன்றி 100 எடுக்கிறேன். காலையில் கண் விழிக்கும்போது மட்டும் எல்லாம் பழையபடி சரியாகத்தான் இருக்கிறது. தை மாதம் எனக்குக் கல்யாணம். என் நரம்பு கெட்டுவிட்டதா? சின்ன வயதில் கைப்பழக்கம் இருந்தது; அதுவும் ஒரு காரணமா? — பெயர் வேண்டாம், ரங்கூன்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. காலையில் கண் விழிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறீர்கள். நரம்போ இரத்தக் குழாயோ கெட்டுப்போன ஒருவருக்கு அந்த நேரத்திலும் விறைப்பு குறைந்துதான் இருக்கும். தூக்கத்தில் வேலை செய்யும் உறுப்பு விழித்திருக்கும்போது மட்டும் மறுத்தால், கோளாறு பெரும்பாலும் உறுப்பில் இல்லை. கைப்பழக்கத்தால் நரம்பு தளரும், தாது வற்றும் என்பதெல்லாம் நம் சுவரொட்டி வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைப்புக்காகப் பரப்பி வந்த பயம். அதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி மாத்திரைக்கு வருவோம். வயாகராவில் இருக்கும் மருந்தின் பெயர் சில்டெனாஃபில். ஆசை எழும்போது மூளையிலிருந்து நரம்புகள் வழியாகச் செய்தி இறங்கி, ஆணுறுப்பின் நரம்பு முனைகளிலும் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு சுரக்கிறது. அது சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளைப் பெருகச் செய்கிறது. அந்தப் பொருள் அங்குள்ள தசைகளைத் தளர்த்தி, இரத்தம் உள்ளே பாய்ந்து தங்குவதற்கு வழிவிடுகிறது. வேலை முடிந்ததும் அதைச் சிதைப்பதற்கென்றே பிடிஇ-5 என்னும் நொதி ஒன்று உடலில் இருக்கிறது. சில்டெனாஃபில் அந்த நொதியைத் தடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆசையை அது உண்டாக்குவதில்லை. ஆண்மைச் சுரப்பைக் கூட்டுவதில்லை. உறுப்பின் அளவை மாற்றுவதில்லை. சர்க்கரை நோயாலோ, புகையாலோ, வயதாலோ அந்தப் பொருள் குறைவாகச் சுரக்கும் ஒருவருக்கு, சுரந்த கொஞ்சத்தையும் வீணாகாமல் காத்துக்கொடுப்பதால் இந்த மருந்து பெரிய உதவி செய்கிறது. உங்களைப் போன்ற நலமான இளைஞருக்கோ, நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்றுவதைப் போன்றதுதான் அது.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. எந்தக் குறையும் இல்லாத, 20 முதல் 40 வயது வரையிலான 60 ஆண்களில் சிலருக்கு இந்த மருந்தையும் சிலருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்து இத்தாலிய மருத்துவர்கள் ஆய்வு செய்து 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். விறைப்பின் தரத்தில் இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஒருமுறை முடிந்து மறுபடி விறைப்பு வருவதற்கு ஆகும் இடைவெளி மட்டும் மருந்து எடுத்தவர்களுக்குக் குறைந்திருந்தது. உங்கள் நண்பர் அற்புதம் என்று பேசியது, மிஞ்சிப் போனால், இந்த ஒரு பலனைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அப்படியானால் மாத்திரை போட்டபோது அன்று வேறு மாதிரி இருந்ததே என்று கேட்பீர்கள். உண்மையான குறைபாடு உள்ள ஆண்களிடம் நடந்த சோதனைகளில் 50 மில்லிகிராம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 74 பேர் முன்னேற்றம் தெரிகிறது என்றார்கள். அதே சோதனைகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விழுங்கியவர்களில் 24 பேரும் அதையே சொன்னார்கள். நோயாளிகளிடமே நம்பிக்கை இவ்வளவு வேலை செய்கிறது என்றால், நோயே இல்லாத 26 வயதுக்காரரிடம் எவ்வளவு செய்யும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். சரியாக நடந்த ஒவ்வொரு முறையையும் நீங்கள் மாத்திரையின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கணக்கில் எதுவும் மிஞ்சவில்லை. போடாமல் முயன்ற அந்த ஒருநாள், “இன்று மாத்திரை இல்லை, என்ன ஆகுமோ” என்ற எண்ணத்தோடுதான் போயிருப்பீர்கள். பயம் வந்தால் உடலில் அட்ரினலின் பாயும். அட்ரினலின் பாய்ந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கும். சுருங்கினால் விறைப்பு நிற்காது. நாய் துரத்தும்போது எந்த ஆணுக்கும் ஆசை வராது என்பதற்கும் இதுவே காரணம். அன்று தோற்றது உங்கள் உடல் அல்ல, பயந்தபோது அது செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது. ஆனால் நீங்கள் அதை “மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது” என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு, அளவை இரட்டிப்பாக்கிவிட்டீர்கள். உடல் இந்த மருந்துக்கு அடிமையாவதில்லை. அபின், மது போல நிறுத்தினால் நடுக்கம் வருவதுமில்லை. அடிமையாவது மனம்.

அமெரிக்காவில் சராசரியாக 22 வயதுடைய 1,207 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வொன்று இதையே வேறு விதமாகக் காட்டியது. குறை எதுவும் இல்லாமல் வேடிக்கைக்காக இம்மாத்திரைகளை எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிடத் தம் விறைப்பைப் பற்றிய நம்பிக்கையும் மனநிறைவும் குறைவாகவே இருந்தன. நம்பிக்கை குறைந்தவர்கள் மாத்திரையைத் தேடிப் போனார்களா, மாத்திரை நம்பிக்கையைக் குறைத்ததா என்பதை அந்த ஓர் ஆய்வை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. என் முன்னால் வந்து உட்காரும் இளைஞர்களிடம் இரண்டுமே நடப்பதைத்தான் பார்க்கிறேன்: சிறு தயக்கத்தோடு தொடங்குகிறவர் பெரும் பயத்தில் போய் நிற்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில், 100 மில்லிகிராமுக்கு மேல் ஒருபோதும் போகாதீர்கள். ஒரு நாளில் எடுக்கத் தக்க உச்ச அளவே அதுதான், அதுவும் நோயாளிக்கு. கல்யாணத்துக்கு இன்னும் மாதங்கள் இருப்பதால், இப்போதே மாத்திரையை நிறுத்திவிடுங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்தல்ல இது. ஒரு மருத்துவரிடம் போய் இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, காலை நேரத்து டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அவை சரியாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். எனினும் நம் மக்களிடையே சர்க்கரை நோய் இளவயதிலேயே எட்டிப் பார்ப்பதால், ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமோ, முடி உதிர்தலுக்கு ஃபினாஸ்டெரைடு எடுக்கும் பழக்கமோ, மன அழுத்தத்துக்கான மாத்திரையோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இவை ஒவ்வொன்றும் விறைப்பைக் குறைக்கக் கூடியவை. புகையிலை போட்ட வெற்றிலையும் சிகரெட்டும் இரத்தக் குழாயைச் சுருக்குவதில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. நாள் முழுவதும் கடையில் உட்கார்ந்து மென்றுகொண்டே இருப்பவராக இருந்தால், நிறுத்த வேண்டிய முதல் பொருள் அதுதான்.

கல்யாணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று நாள் தூக்கமில்லாமல், உறவு முழுவதற்கும் கும்பிடு போட்டுக் களைத்து வரும் இருவரிடம், அன்று இரவே எல்லாம் நடந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மறுநாள் காலையில் அத்தைமார்கள் பார்க்கும் பார்வைக்குப் பயந்தே எத்தனையோ மாப்பிள்ளைகள் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். முதல் சில வாரங்களுக்குச் சேர்க்கை வேண்டாம், பேச்சும் தொடுதலும் போதும் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெற்றி தோல்வி என்ற கணக்கே இல்லாதபோது பயத்துக்கு வேலையில்லை. பயம் காரணமான குறைபாட்டுக்கு மேல்நாட்டு மருத்துவர்கள் அரை நூற்றாண்டாகக் கையாண்டுவரும் சிகிச்சையும் இதை ஒட்டியதே. அதன் பிறகும் முடியாவிட்டால் மருத்துவரே சிறிய அளவில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், இதே மருந்தை எழுதிக் கொடுக்கக்கூடும். அது வேறு, நண்பர் கொடுப்பது வேறு.

கேள்வி: இந்த மருந்தை முதலில் இதய நோய்க்காகத்தான் கண்டுபிடித்தார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் இதயத்துக்கும் நல்லதுதானே? என் அப்பாவுக்கு நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வகையா? — வாசகர், மோல்மேன்.

பதில்: படித்தது சரி, முடிவு மிக ஆபத்தானது. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் சாண்ட்விச் என்னும் ஊரிலிருந்த ஃபைசர் நிறுவன ஆய்வுக்கூடத்தில் நெஞ்சுவலிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்தாகத்தான் இதை ஆராய்ந்தார்கள். நெஞ்சுவலிக்கு எதிர்பார்த்த பலன் இல்லை. சோதனைக்கு வந்த ஆண்கள் வேறொரு விளைவைச் சொன்னார்கள். 1998 மார்ச் மாதம் அமெரிக்காவில் விறைப்புக் குறைபாட்டுக்கு அனுமதி கிடைத்தது. நைட்ரிக் ஆக்சைடு உடலில் செய்தி கொண்டுபோகும் பொருள் என்று கண்டறிந்த மூவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1998இல்தான். பிற்பாடு, நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடும் அரிய நோய் ஒன்றுக்கு 20 மில்லிகிராம் அளவில் இதே மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. அதை வைத்து இதயத்துக்கு டானிக் என்று எண்ணிவிடக் கூடாது.

சார்பிட்ரேட் போன்ற, நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைகள் உடலில் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகின்றன. சில்டெனாஃபில் அதன் விளைவு சிதையாமல் தடுக்கிறது. ஒன்று திறந்துவிடுகிறது, மற்றது மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் தாறுமாறாகச் சரிந்து உயிர் போகலாம். நலமான ஒருவர் 100 மில்லிகிராம் சில்டெனாஃபிலை மட்டும் எடுத்தால் மேல் அழுத்தம் சராசரியாக 8 புள்ளி அளவுக்கே இறங்கும். அவர் அதை உணராமலேகூட இருந்துவிடலாம். நைட்ரேட் சேர்ந்தால் கதையே வேறு. உங்கள் அப்பா இந்த மாத்திரையின் பக்கமே போகக் கூடாது.

இது முதியவர்களுக்கான எச்சரிக்கை என்று இளைஞர்கள் கடந்துபோக வேண்டாம். விருந்துகளில் சிறு புட்டியிலிருந்து மோந்து பார்க்கும் “பாப்பர்” என்ற பொருளும் நைட்ரைட் வகையே. அதனோடு வீரிய மாத்திரையைச் சேர்ப்பதும் இதே ஆபத்து. இன்னொன்று: மாத்திரை எடுத்த பிறகு நெஞ்சுவலி வந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், வெட்கத்தை வாசலில் விட்டுவிட்டு மாத்திரையின் பெயரையும் எடுத்த நேரத்தையும் சொல்லிவிடுங்கள். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், இதே வகையைச் சேர்ந்த மற்றொரு மருந்தான தடலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. நீங்கள் சொல்லாவிட்டால் பணியில் இருக்கும் மருத்துவர் அதைத்தான் முதலில் கொடுப்பார்.

கேள்வி: எனக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்கு 31 வயது. சனிக்கிழமை இரவுகளில் அவருக்கு முகம் சிவந்து, மூக்கடைத்து, மறுநாள் தலைவலி என்று படுத்துவிடுவார். சளி என்றே நினைத்திருந்தேன். அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தபோது மாத்திரை அட்டை இருந்தது. மருந்துக்கடையில் கேட்டபோது அந்த அண்ணன் சிரித்துவிட்டார். மாத்திரை போட்டால்தான் என்னிடம் வர முடியும் என்றால், என்மீது அவருக்கு விருப்பம் இல்லை என்றுதானே பொருள்? — சகோதரி, பெகு.

பதில்: இல்லை அம்மா. முதல் பதிலில் சொன்னதை ஒருமுறை படியுங்கள்: ஆசை இல்லாதவரிடம் இந்த மாத்திரை வேலையே செய்யாது. அவருக்கு இல்லாதது விருப்பமல்ல, தன்னம்பிக்கை. உங்களிடம் குறைந்து தெரிந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில் எடுக்கிறார் என்றே நினைக்கிறேன். மறைத்தது தவறுதான், அதற்கு நீங்கள் வருந்துவதும் நியாயம். ஆனால் உங்களைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவு சரியல்ல.

நீங்கள் கண்ட அறிகுறிகள் எல்லாம் அந்த மருந்தின் வழக்கமான விளைவுகளே. இரத்தக் குழாய்கள் ஓரிடத்தில் மட்டும் விரிவதில்லை. முகத்திலும் மூக்கிலும் தலையிலும் விரிகின்றன. சோதனைகளில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்குத் தலைவலியும், 10 பேருக்கு முகம் சிவத்தலும் இருந்தன. நெஞ்செரிச்சல் வரலாம். விழித்திரையில் உள்ள பிடிஇ-6 என்னும் மற்றொரு நொதியையும் சில்டெனாஃபில் ஓரளவு தடுப்பதால் சிலருக்குப் பார்க்கும் பொருள்கள் நீலம் படிந்தாற்போலத் தெரியும். அது சில மணி நேரத்தில் போய்விடும். தடலாஃபில் என்றால் இடுப்பிலும் தொடையிலும் மறுநாள் வலி பிடிக்கலாம். அதன் வேலை 36 மணி நேரம் வரை நீடிக்கும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் வேறு. ஒரு கண்ணிலோ இரு கண்களிலோ திடீரென்று பார்வை போனாலும், காது திடீரென்று கேட்காமல் போனாலும், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் தணியாமல் வலித்தால் அது அவசர நிலை. உள்ளே தேங்கிய இரத்தத்தில் உயிர்வாயு தீர்ந்து திசுக்கள் சாகத் தொடங்கும். பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்தவர்களுக்கு அதன் பிறகு எந்த மாத்திரையும் உதவாத நிலை ஏற்படுவது உண்டு. இவை அரிதானவை, அரிதானவை என்பதாலேயே யாரும் அறிந்து வைத்திருப்பதில்லை.

31 வயதில் உண்மையிலேயே குறைபாடு இருக்குமானால் அதை அலட்சியம் செய்யவும் கூடாது. ஆணுறுப்பின் இரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகியவை. எனவே அடைப்பு தொடங்கும்போது அங்கேதான் முதலில் தெரியும், இதயத்தில் தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே. மாத்திரையை அவராகவே போட்டுக்கொண்டு போனால் அந்த முன்னறிவிப்பை மூடி மறைத்ததாகிவிடும். குற்றம் சாட்டும் குரலில் இல்லாமல், “தலைவலி வராமல் பார்த்துக்கொள்வோம், இரண்டு பேரும் டாக்டரிடம் போவோம்” என்று தொடங்கிப் பாருங்கள். மருந்துக்கடையில் சிரித்தவருக்கு நான் கீழே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இந்த மாத்திரை போட்டால் விந்து கெட்டு, பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகுமா? — மாணவர், ரங்கூன்.

பதில்: நலமான ஆண்கள் 100 மில்லிகிராம் ஒருமுறை எடுத்துப் பார்த்த ஆய்வில் உயிரணுக்களின் ஓட்டத்திலோ வடிவத்திலோ மாற்றம் காணப்படவில்லை. அதே நேரம், இது கருத்தடையும் அல்ல, பால்வினை நோய்க்குத் தடுப்பும் அல்ல. ஆணுறைக்கு மாற்று எதுவும் இல்லை.

கேள்வி: பீர், எனர்ஜி டிரிங்க், அதோடு இந்த மாத்திரை — இப்படிச் சேர்த்து எடுப்பவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். சிலர் யாபாவும் எடுப்பார்கள். எது ரொம்ப ஆபத்து? — வாசகர், மண்டலை.

பதில்: கடைசியில் எழுதியிருப்பதுதான். யாபாவில் இருப்பது மெத்தாம்பெட்டமின். அது இதயத்தை விரட்டி இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனாலேயே அதை எடுப்பவருக்கு விறைப்பு நிற்பதில்லை. அதனாலேயே அவர் வீரிய மாத்திரையைத் தேடுகிறார். ஒருபுறம் சாட்டையடி, மறுபுறம் கடிவாளம் தளர்த்தல் என்று இதயம் நடுவில் மாட்டிக்கொள்கிறது. களைப்போ வலியோ உறைக்காத அந்த நிலையில், உடல் தரும் எச்சரிக்கையை உணரவும் மாட்டார். பீர் அதிகமானால் இரத்த அழுத்தம் மேலும் இறங்கி மயக்கம் வரும். அதோடு மதுவே விறைப்பைக் கெடுக்கும், ஆகவே மாத்திரை வீண். வயிறு நிறைய எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு எடுத்தால் சில்டெனாஃபில் வேலை செய்யத் தாமதமாகும்; “ஏறவில்லை” என்று பொறுமையிழந்து இரண்டாவது மாத்திரையை விழுங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களே.

கேள்வி: நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மற்ற மாத்திரைகளைப் போலவே இதையும் அட்டையிலிருந்து வெட்டி ஒன்று இரண்டாகக் கேட்கிறார்கள். மருத்துவர் சீட்டு கேட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். மாத்திரைக்குப் பதிலாக மூலிகைத் தேன் பாக்கெட்டும், ஆண்களுக்கான காப்பி மிக்ஸும் விற்கலாமா? அதில் கெமிக்கல் இல்லை என்று போட்டிருக்கிறதே. — கடைக்காரர், ரங்கூன்.

பதில்: ஐயா, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி, உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் மாற்றாக நினைப்பது மாத்திரையைவிட மோசமானது.

ஒரு மணி நேரத்தில் பலன் தரும் மூலிகைத் தேன் என்று எவராவது கொண்டுவந்தால், அதில் மூலிகை அல்லாத ஒன்று இருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். 2022 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இப்படிப்பட்ட தேன் பொருள்களில் சில்டெனாஃபிலும் தடலாஃபிலும் சொல்லாமல் கலக்கப்பட்டிருந்ததைக் கண்டு, விற்ற நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. காப்பித் தூளிலும் இவ்வகை வேதிப்பொருள் பிடிபட்டதுண்டு. அட்டை மாத்திரையில் 50 என்றோ 100 என்றோ எழுதியாவது இருக்கிறது. தேன் பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது கலந்தவருக்கே தெரியாது. நெஞ்சுவலிக்கு மருந்து எடுக்கும் பெரியவர் ஒருவர், “மாத்திரைதான் கூடாது என்றார் டாக்டர், தேன் நல்லதுதானே” என்று வாங்கிக்கொண்டு போவார்.

இதைவிடக் கொடியது 2008இல் சிங்கப்பூரில் நடந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் நகரம் என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்து ஐந்து அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். காரணத்தைத் தேடியபோது போலி வீரிய மாத்திரைகளும், மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்ட பொருள்களும் அகப்பட்டன. அவற்றில் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் கிளிபென்கிளமைடு பெரிய அளவில் கலந்திருந்தது. ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். அவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். அதை வாங்கிய எவரும் சாகத் துணிந்து வாங்கவில்லை. அவசரத்தில், வெட்கத்தில், யாரிடமும் கேட்காமல் வாங்கினார்கள்.

நம் நாட்டில் 1992ஆம் ஆண்டின் தேசிய மருந்துச் சட்டப்படி பதிவு செய்யப்படாத மருந்தை விற்க முடியாது. பதிவு எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் தெளிவாக இல்லாத சரக்கைக் கொண்டுவரும் ஆளைக் கடைக்குள்ளேயே விடாதீர்கள். அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதியுள்ள ஓரம் பெரும்பாலும் உங்களிடமே தங்கிவிடுகிறது. வாங்கிப் போகிறவருக்கு வெள்ளி நிறத் தாளில் பொதிந்த பெயரில்லா வில்லை ஒன்றுதான் மிஞ்சுகிறது. மயங்கி விழுந்தால் அவரைத் தூக்கிப் போகிறவர் மருத்துவரிடம் எதைக் காட்டுவார்?

சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள் என்பதே என் பதில். பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே என்றால், போகட்டும். ஆனால் போவதற்கு முன் சில கேள்விகளையாவது கேட்டு அனுப்புங்கள். நெஞ்சுவலிக்கு மாத்திரை உண்டா, நாக்குக்கு அடியில் வைப்பது ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்பது முதலாவது. இரத்தக் கொதிப்புக்கோ, சிறுநீர் தடையின்றிப் போவதற்கோ மருந்து எடுக்கிறாரா என்று கேளுங்கள். டாம்சுலோசின் போன்றவற்றோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போதே தலைசுற்றி விழலாம். எச்ஐவிக்கான கூட்டு மருந்தில் ரிட்டோனாவிர் இருந்தால் சில்டெனாஃபில் உடலைவிட்டு எளிதில் வெளியேறாது. அவர்களுக்கு 48 மணி நேரத்தில் 25 மில்லிகிராமே உச்சம். கிருமித் தொற்றுக்கான கிளாரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல் ஆகியவையும் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றும். காச நோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கோ நேர்மாறு: மருந்து வேகமாகச் சிதைந்து பலன் குறையும், அவர் இன்னும் ஒன்று கேட்டு வருவார், கொடுக்காதீர்கள்.

இருபது, இருபத்தைந்து வயதில் வருகிறவரைத் தனியாக அழைத்து, குறை உண்மையில் இருக்கிறதா என்று மெல்லக் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. மற்றவர் காதில் விழும்படி கேட்காதீர்கள். ஒரு பெண் வந்து அட்டையைக் காட்டி இது என்ன மாத்திரை என்று கேட்டால் சிரிக்கவும் வேண்டாம். மருந்தின் பெயரையும் அது எதற்கு என்பதையும் சொல்லி, எந்த மருத்துவரைப் பார்க்கலாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.